மீனும் மல்லிகையும்



இன்று வாசிக்கக் கேட்ட மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் நம் கவலையைத் தொடுகிறார். எதை உண்பது, எதை உடுத்துவது என்கிற கவலை அது. மலையின்மேல் அமர்ந்து பேசிய அவர், தம் முன்னே இருந்த எளியவர்களிடம் இரண்டே இரண்டு உயிர்களைப் பார்க்கச் சொன்னார். ஒன்று வானத்துப் பறவை, மற்றது காட்டுமலர்ச் செடி. ஒரு விலங்கு, ஒரு தாவரம்.

பறவை ஒன்றே போதாதா? செடியையும் ஏன் சேர்த்துச் சொன்னார்? இரண்டும் பிழைக்கிற விதம் வேறு. இரண்டிடமும் நாம் படிக்க வேண்டிய பாடமும் வேறு.

பறவைக்கு இரை கூட்டுக்கு வந்து சேராது. விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போய்த் தேட வேண்டும். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் வந்து நிற்கிற பூநாரைகளைப் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகை ஆழமில்லாத தண்ணீரில் விட்டு, பொழுதெல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும். அந்த இரைக்காகத்தான் அவ்வளவு தூரம் பறந்து வருகின்றன. செடி அப்படி எங்கும் போவதில்லை. வேர் பிடித்த இடத்திலேயே வெயிலையும் தண்ணீரையும் காற்றையும் சேர்த்துத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஒளிச்சேர்க்கை என்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது இதைத்தான். தேடித் தின்பது விலங்கு. இருந்த இடத்தில் ஆக்கிக்கொள்வது செடி. ஆண்டவர் பறவையைக் காட்டியபோது, உழையுங்கள், ஆனால் பதுக்காதீர்கள் என்றார். செடியைக் காட்டியபோது, கடவுள் வைத்த இடத்தில் அஞ்சாமல் நில்லுங்கள் என்றார்.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தைப் புரட்டினால் இன்னொன்று தெரியும். செடிகொடிகள் மூன்றாம் நாள் உண்டாகின்றன. மீனும் பறவையும் ஐந்தாம் நாள். நிலத்து விலங்கும் மனிதனும் ஆறாம் நாள். இலை போட்டுச் சோறு பரிமாறிய பிறகே பந்திக்கு ஆள் கூப்பிடுகிற நல்ல வீட்டுக்காரரைப் போல, கடவுள் பச்சையை விரித்துவிட்டுத்தான் பசியுள்ள உயிர்களை அழைத்தார். பச்சை முந்தியது, பசி பிந்தியது. செடி இல்லாமல் விலங்கு பிழைக்காது. சீலா மீன் புல் மேயாது, உண்மைதான். ஆனால் அது தின்ற மீன் எதைத் தின்றது, அந்த மீன் தின்ற பொடி உயிர் எதைத் தின்றது என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் ஒரு பாசியிலோ புல்லிலோ போய்த்தான் நிற்கும்.

அன்பானவர்களே, இந்தப் பாடத்தைப் படிக்க நாம் கலிலேயாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தீவின் அக்காள்மடத்திலும் தங்கச்சிமடத்திலும் கடவுள் நமக்குக் கொடுத்திருக்கிற பிழைப்பே இரண்டுதான். கடலில் மீன், மணலில் மல்லிகை. மீனை நாம் துரத்திப் பிடிக்கிறோம். மல்லிகைக்குக் காத்திருக்கிறோம். கொடியைத் துண்டு துண்டாக வெட்டி, மணலில் வரிசையாக ஊன்றி, வேர் விடும்வரை மாதக்கணக்கில் குடத்தால் தண்ணீர் ஊற்றுகிற தாய்மார்கள் இந்தக் கோவிலில் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்புகிற நாற்றுதான் மதுரைப் பக்கத்துத் தோட்டங்களில் போய்ப் பூக்கிறது. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் இந்தத் தீவு மணலுக்கும் பங்குண்டு. செடிக்குக் கால் இல்லை. அதை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் கால் கடவுள் கொடுத்த நம் கால்தான். தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் ஆதாமை ஏதேனில் வைத்தார் என்று தொடக்கநூல் சொல்கிறதே, அந்த வேலையை இங்கே செய்துகொண்டிருப்பவர்கள் நீங்கள்.

இனிக் கடலுக்குள் வாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டிலும் கரையோரத்தில் தாழை என்று நாம் சொல்கிற கடற்புல் வளர்கிறது. அதைப் பாசி என்று நினைத்துவிடக் கூடாது. பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. கல்லைப் பற்றிக்கொண்டு வளரும். தாழைக்கு வேர் உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூக்கும், விதை விடும். நிலத்துப் புல்லைப் போலவே அதுவும் முழுச் செடி. அதற்குள்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. ஓரா மீன் அங்கேதான் மேய்கிறது. நாம் கடல் பசு என்றும் ஆவுளியா என்றும் சொல்கிற பிராணி நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ தாழை தின்னும். அது மீன் இல்லை. மூச்சு விட மேலே வரும், குட்டி போடும், பால் கொடுக்கும். ஒரு குட்டி போட்டால் அடுத்த குட்டிக்குக் குறைந்தது மூன்று வருடமாவது ஆகும். தாழை அழிந்தால் ஆவுளியாவுக்கு வேறு சோறு இல்லை.

பவளப்பார் இன்னும் வியப்பானது. பார்த்தால் செடி, கிளை கிளையாகத் தெரியும். ஆனால் அது செடி அல்ல, விலங்கு. ஆயிரமாயிரம் சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. அந்த விலங்கின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு பாசி உணவு ஆக்கும்; பவளம் அதற்கு இடம் கொடுக்கும். கடல் சூடு ஏறினால் இந்த உறவு முறிகிறது. பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு தணியாவிட்டால் செத்தும் போகிறது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் அப்படிப் பெருமளவில் வெளுத்தது. தனுஷ்கோடிக்குப் போகிறபோது, 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பழைய கோவிலின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லில் பூப்பூவாகச் சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது. நம் முன்னோர் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளக்கல்லை எடுத்தார்கள். அதைக் கல் என்றே நினைத்தார்கள். நமக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

தொல்காப்பியர் உயிர்களை அறிவால் வரிசைப்படுத்தினார். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, சங்குக்கும் சிப்பிக்கும் இரண்டு, நண்டுக்கு நான்கு, விலங்குக்கு ஐந்து, மனிதனுக்கு ஆறு. ஆறாவது அறிவு எதற்கு? மற்ற ஐந்தையும் அடக்கி ஆளுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சுறா பசி தீர்ந்ததும் நிறுத்திவிடும். பசி தீர்ந்த பிறகும் பிடித்துக்கொண்டே போகிறவன் மனிதன். பசியும் ஆசையும் இழுக்கும்போதே போதும் என்று கையை மடக்கிக்கொள்ளக் கூடியவனும் அவன் ஒருவன்தான். அந்தப் ‘போதும்’தான் ஆறாவது அறிவு. கவலை அதைச் சொல்ல விடாது. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில்தான் இரட்டைமடி வலை இழுக்கிறோம். மீனாவது வலைக்குத் தப்பி ஓடப் பார்க்கும். தாழைக்கும் பவளத்துக்கும் ஓடக் கால் இல்லை. ஓட முடியாத உயிரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் நம் விசுவாசம் தெரிந்துவிடும்.

போதும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு, மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் எடுக்கிற நம் கரைப் பெண்கள் மாதம் முழுவதும் போவதில்லை. 12 நாள் அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். பாசி பெருகுகிற காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கு வைத்த முறை நம்மிடம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வீட்டில் அடுப்பு எரிவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். வலையில் மாட்டிய ஆவுளியாவைக் காப்பாற்ற வலையையே அறுத்துவிட்ட மீனவர்கள் பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களுக்கு வெகுமதி கொடுத்திருக்கிறது. ஆனால் கத்தியை எடுத்த நேரத்தில் அவர்கள் வெகுமதியை நினைத்திருக்க மாட்டார்கள். வலை போனால் எத்தனை ஆயிரம் போகும் என்று தெரிந்தே அறுத்தார்கள். அதுதான் இன்றைய நற்செய்தி. முதலில் இறையாட்சியையும் அதன் நீதியையும் தேடுவது என்றால் நடுக்கடலில் அது இப்படித்தான் இருக்கும்.

யோனாவின் கதை நமக்குத் தெரியும். மீன் விழுங்கியது வரை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. முடிவு பலருக்கு நினைவில்லை. நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்காக யோனா கோபித்துக்கொள்கிறார். நீ நடவுமில்லை, வளர்க்கவுமில்லை, அதற்கே இவ்வளவு வருத்தமா, இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களும் இத்தனை விலங்குகளும் இருக்கிற நினிவேமீது நான் இரக்கப்படக் கூடாதா என்று ஆண்டவர் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு நூல் முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை. பதில் நாம் சொல்ல வேண்டியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய திருமடலிலும் இதே சிந்தனை உண்டு: படைப்பு ஒவ்வொன்றுக்கும் கடவுளின் கண்ணில் தனி மதிப்பு இருக்கிறது, நமக்குப் பயன்படுவதால் மட்டும் வருகிற மதிப்பு அல்ல.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியம். கிழிந்த நைலான் வலையைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டு வாருங்கள். அது தாழைமேல் கிடந்து வருடக்கணக்கில் உயிர்களைக் கொல்லும். பார் இருக்கிற இடம் தெரிந்த ஐயாமார், அங்கே நங்கூரம் போடக் கூடாது என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாற்றுப் போடுகிற வீட்டார், விற்கிற கட்டில் ஒரு கட்டை நம் ஊரில் தோட்டம் இல்லாத ஒரு ஏழை வீட்டு வாசலில் நட்டுக் கொடுங்கள்.

பறவைக்கு இரையும் செடிக்கு வெயிலும் தருகிற தந்தையே, கடலில் இருக்கிற எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகக் கரை சேர்த்தருளும். தேடும்போது பேராசையும், காத்திருக்கும்போது பயமும் எங்களை ஆளாதிருக்கச் செய்யும். போதும் என்று சொல்லும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.