பன்னிரண்டு ஆண்டுத் தவம்

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழும் ஆனைமலைத் தொடர், இடுக்கி மாவட்டத்தில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியாக நிமிர்ந்து நிற்கிறது. அதனைச் சூழ்ந்த இரவிகுளம் புல்வெளிகளில் நீலக்குறிஞ்சி தானே முளைத்து வளர்கிறது. அண்டைச் சரிவுகளில் மனிதன் நட்ட தேயிலை. தேயிலை சில நாட்களுக்கொருமுறை கொழுந்து தரும். குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே மலரும். 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அம்மலைகள் நீலம் பூண்டன. இனி 2030-இல்தான்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வழியே செல்பவன் காண்பது வெறும் பச்சைப் புதரே. ஆயினும் அக்காலம் வீணன்று. வெயிலையும் மழையையும் உண்டு, வரவிருக்கும் மலர்ச்சிக்கான வலிமையைச் செடி ஓசையின்றிச் சேர்த்துக்கொள்கிறது. சாதகனோ சில ஆண்டுகள் ஜபமும் தியானமும் செய்துவிட்டு, "கண்ட பலன் என்ன?" என்று சோர்ந்து, மாலையைக் கீழே வைத்துவிடுகிறான். தேயிலையின் கணக்கைக் கொண்டு குறிஞ்சியை அளப்பதே அவன் செய்யும் பிழை.

2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மூணாறு செல்லும் சாலைகள் துண்டிக்கப்பட்டன. காண விழைந்தோர் பலர் வர இயலவில்லை. ஆயினும் மழை ஓய்ந்தபின் குறிஞ்சி பூத்தது. பார்ப்பவருக்காகவா அது பூக்கிறது?

பூப்பதோடும் அதன் பணி முடிவதில்லை. விதையை மண்ணுக்கு ஈந்த பின்னரே அச்செடி மடிகிறது. வந்தவர்கள் மலரைப் பறித்துச் சென்றால், பறித்த மலர் விதையாவதில்லை.

சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் சுவேதகேதுவும் பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலத்தில் பயின்றவனே. ஆனால் கல்விச் செருக்குடன் வீடு திரும்பினான். மலர் இருந்தது, விதை இல்லை. தந்தை உத்தாலகர் அவனை ஆலம்பழத்தைப் பிளக்கச் செய்தார். பின்னர் அதன் நுண்ணிய விதையையும் பிளக்கச் செய்தார். உள்ளே அவன் ஒன்றையும் காணவில்லை. கண்ணுக்குப் புலனாகாத அந்த நுண்பொருளிலிருந்தே பேராலமரம் எழுந்து நிற்கிறது என்று உணர்த்தி, அதுவே அவனது ஆன்மா என்றும் உபதேசித்தார்.

ஒரு மனித ஆயுளில் குறிஞ்சி ஐந்தாறு முறையே பூக்கும். சாதகன் எண்ண வேண்டியது மலர்ந்த நாட்களை அன்று. பூவற்ற ஆண்டுகளிலும் வேர் மண்ணை விடாதிருந்ததா என்பதையே அவன் தன்னுள் நோக்கட்டும். வேர் நிலைத்தால் மலர் தன் காலத்தில் வரும்.