கவிந்த இருளும் ஏற்ற இருளும்

2013 டிசம்பர் 21, 22 ஆகிய நாள்களில் கனடாவின் டொராண்டோ நகரில் உறைமழை, அதாவது நீராக விழுந்து தொட்ட இடத்திலேயே பனிக்கட்டியாக இறுகும் மழை, பெய்தபோது, கண்ணாடி பூசியதுபோல் மின்னிய மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து கம்பிகளின்மேல் சாய, ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தன. அவற்றுள் பல, கிறிஸ்துமஸ் கடந்த பின்னரே ஒளி பெற்றன.

அப்பண்டிகைக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலம், வாரத்துக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றி, இருளில் காத்திருத்தலையே வழிபாடாக்குகிறது. ஆயினும், விரும்பி ஏற்ற இருளும் தானே வந்து கவிந்த இருளும் ஒன்றாகுமா என்பது சிந்தனைக்குரிய வினா. முன்னது நோன்பு, அதை முடிக்கும் உரிமை நோற்பவரிடமே உண்டு. பின்னதிலோ, குளிர் பொறாமல் மூடிய வீட்டுக்குள் கரி மூட்டுவோரைக் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சுவாயு கொன்றுவிடக்கூடும் என்பதால், அத்தகைய இருளை ஆன்மிகப் பயிற்சி எனப் புகழ்வது துன்புறுவோர்க்கு இழைக்கும் அநீதியாகும்.

பண்டைய ஸ்டோயிக் மெய்யியலாளர் எபிக்டெட்டஸ், உலகில் உள்ளவற்றை மனிதரின் ஆளுகைக்கு உட்பட்டவை, உட்படாதவை எனப் பிரித்தார். இதன்படி, மின்தடை பிந்திய வகையிலும் அதை எதிர்கொள்ளும் மனநிலை முந்திய வகையிலும் அடங்கும். எனினும், மாநகராட்சி அந்நாள்களில் திறந்த வெப்ப மையங்கள், அதாவது வீடு குளிர்ந்துபோனோர் தங்கிச் சூடு பெறும் பொதுக் கூடங்கள், ஒருவர் ஆளுகைக்கு உட்படாத துன்பத்தைப் பலர் சேர்ந்து தணிக்கலாம் என்பதைக் காட்டின. விடுதியில் இடமின்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தையைப் பற்றிய லூக்கா நற்செய்தியும், இடமளித்தல் என்னும் அறத்தை நோக்கியே வாசகரைத் திருப்புகிறது.