புஸ்தகமும் முழங்காலும்



பரீட்சைக் காலம் நெருங்கி வருகிறது. வழக்கம்போல நம் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஜெபத்துக்கு வருவார்கள். அதற்கு முன்பாக ஒரு காரியத்தை உங்களோடு மனந்திறந்து பேச வேண்டும் என்று ஆவியானவர் என்னை ஏவிக்கொண்டேயிருக்கிறார். இந்தச் செய்தி முதலாவது எனக்கு. அதற்குப் பிறகுதான் உங்களுக்கு.

நம்முடைய சபையில் ஒரு தம்பி இருக்கிறான். தகப்பன் இல்லை. தாயார் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து வளர்த்த பிள்ளை. ட்ரம்ஸ் நன்றாக வாசிப்பான். வீட்டு ஜெபக்கூட்டமா, அவனைக் கூப்பிடு. உபவாச ஜெபமா, அவனைக் கூப்பிடு. முழு இரவு ஜெபமா, அவன் இல்லாமல் ஆராதனையே இல்லை. பிளஸ் டூ படிக்கிற வருஷம் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தான். "பாஸ்டர், கணக்குல ரொம்பப் பின்னால இருக்கேன். ரெண்டு மாசம் சாயங்காலக் கூட்டத்துக்கு மட்டும் வராம இருக்கட்டுமா?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, நீ கர்த்தருடைய வேலையைப் பாரு. உன் வேலையைக் கர்த்தர் பார்த்துக்குவார்" என்றேன். விசுவாச வார்த்தை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவனும் "சரி பாஸ்டர்" என்று போய்விட்டான்.

ரிசல்ட் வந்தது. இரண்டு பாடத்தில் பெயில். அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார்கள். "பாஸ்டர், இவன் ஒரு கூட்டம்கூட விட்டதில்லையே. கர்த்தர் ஏன் இவனைக் கைவிட்டுட்டார்?" எனக்குப் பதில் வரவில்லை. "அவருடைய சித்தம் அம்மா" என்று சொல்லி ஜெபித்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு முதல் அந்தத் தம்பி சபைக்கு வரவில்லை.

அன்று இரவு முழங்காலில் நின்றேன். ஜெபம் ஓடவில்லை. என் உள்ளத்தில் ஒரே கேள்விதான் எழும்பியது: நான் அவனைக் கைவிட்டேனா, நீ அவன் கையிலிருந்த புஸ்தகத்தைப் பிடுங்கினாயா?

தேவ பிள்ளைகளே, பிசாசு ஆண்டவரை ஆலயத்து உச்சியில் நிறுத்திக் குதிக்கச் சொன்னான் அல்லவா? (மத்தேயு 4:5-7). வெறுமனே சொல்லவில்லை. வசனத்தைக் காட்டிச் சொன்னான். தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்கிற வாக்குத்தத்தத்தையே எடுத்துச் சொன்னான். வாக்குத்தத்தம் பொய்யா? இல்லை. ஆனால் படிக்கட்டு இருக்கும்போது குதித்து இறங்குவது விசுவாசம் அல்ல, தேவனைப் பரீட்சை பார்ப்பது. ஆண்டவர் குதிக்கவில்லை.

வருஷம் முழுவதும் புஸ்தகத்தைத் திறக்காமல், பேனாவில் எண்ணெய் பூசிக்கொண்டு பரீட்சை ஹாலுக்குள் போவதும் அதே உச்சியிலிருந்து குதிப்பதுதான். பிள்ளை குதித்தால் அது அவன் அறியாமை. போதகன் தள்ளிவிட்டால்? நான் தள்ளிவிட்டேன். கர்த்தர் எனக்கு இரங்குவாராக.

தானியேல் எதை மறுத்தான், எதை மறுக்கவில்லை?

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேலைப் பாருங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாதென்று தீர்மானம் பண்ணினான். இதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்க வேண்டும் என்பது ராஜ கட்டளை (தானியேல் 1:4). மூன்று வருஷப் படிப்பு. புறஜாதியாரின் பாஷை, புறஜாதியாரின் புஸ்தகம். அந்தச் சாப்பாட்டை மறுத்தவன் அந்தப் புஸ்தகத்தை மறுக்கவில்லை. எந்த இடத்தில் கோடு போட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

முடிவில் நடந்தது என்ன? அந்த நாலு வாலிபருக்கும் கல்வியில் அறிவைக் கொடுத்தவர் தேவன் என்று 17ஆம் வசனம் சொல்லுகிறது. கொடுத்தது தேவன்தான்! ஆனால் படிக்காதவனுக்குக் கொடுக்கவில்லை, மூன்று வருஷம் உட்கார்ந்து படித்தவனுக்குக் கொடுத்தார்.

அதே தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டான். சிங்கக் கெபிக்குப் பயந்தும் அதை நிறுத்தவில்லை. வயதான பிறகு எரேமியாவின் புஸ்தகத்தை வாசித்து எழுபது வருஷக் கணக்கை அறிந்துகொண்டான். அறிந்த பிறகு இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து உபவாசித்து ஜெபித்தான் (தானியேல் 9:2,3). முதலில் வாசிப்பு, அதிலிருந்து உபவாசம். புஸ்தகமும் முழங்காலும் அவனிடத்தில் சண்டை போடவே இல்லை. அல்லேலூயா!

எழுத்து கொல்லுமா?

நான் வேதாகமக் கல்லூரிக்குப் புறப்பட்டபோது ஒரு மூத்த விசுவாசி, "தம்பி, அங்க போனா அபிஷேகம் போயிடும். எழுத்து கொல்லும்னு பவுலே சொல்லியிருக்காரே" என்றார். அன்பினால்தான் சொன்னார். ஆனால் 2 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். கற்பலகைகளில் எழுதப்பட்ட நியாயப்பிரமாணத்தைக் குறித்துப் பவுல் பேசுகிறார். பள்ளிக்கூடத்துச் சிலேட்டைக் குறித்து அல்ல. கமாலியேலின் பாதத்தண்டையிலே படித்த பவுல், சிறையில் மரணத்தை எதிர்நோக்கி இருந்த நேரத்திலும், குளிருக்கு மேலங்கியையும், அதோடு புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லி தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:13).

"பேதுரு படிக்காதவர்தானே, தேவன் உபயோகப்படுத்தவில்லையா?" என்று கேட்கலாம். ஆம், உபயோகப்படுத்தினார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தாய்மார் எத்தனையோ பேர் ஜெபத்தினால் இந்தச் சபையைத் தாங்குகிறார்கள். அவர்கள் கால் தூசிக்கு நான் சமமல்ல. ஆனால் படிக்காத பேதுரு, படித்த பவுலைப் பரியாசம் பண்ணவில்லை. பவுலுக்குத் தேவன் ஞானம் அருளினார் என்று கனம்பண்ணுகிறார். அவருடைய நிருபங்களில் விளங்குவதற்குக் கடினமான காரியங்கள் உண்டு என்றும் மறைக்காமல் சொல்லுகிறார் (2 பேதுரு 3:15,16). அப்படிப்பட்ட தாழ்மை நமக்கு வேண்டும்.

எழுப்புதலும் பள்ளிக்கூடமும் ஒரே இடத்தில்

"படிப்பு வந்தால் எழுப்புதல் அணைந்துபோகும்" என்கிறவர்களுக்கு நம் தேசத்திலிருந்தே ஒரு சாட்சி சொல்லுகிறேன். பண்டித ரமாபாய் அம்மையார் 1858ல் பிறந்தவர்கள். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கக்கூடாது என்றிருந்த காலத்தில், அவர்களுடைய தகப்பனார் எதிர்ப்பைச் சகித்துக்கொண்டு மனைவிக்கும் மகளுக்கும் கற்பித்தார். பஞ்சத்தில் பெற்றோரை இழந்த ரமாபாய் அம்மையாருக்கு 1878ல் கல்கத்தாவின் அறிஞர்கள் கொடுத்த பட்டம்தான் பண்டிதை என்பது. 1883ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு பூனாவுக்கு அருகே கேட்காவ் என்ற இடத்தில் முக்தி மிஷனை ஏற்படுத்தி, இளம் விதவைகளையும் பஞ்சத்தில் அநாதையான பெண் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு எழுதப் படிக்கவும் கைத்தொழில் செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள்.

1905ல் அந்த முக்தி மிஷனில்தான் ஆவியானவர் பலமாய் ஊற்றப்பட்டார். பெண் பிள்ளைகள் பாவ உணர்வடைந்து அழுது, மனந்திரும்பி, கூட்டங்கூட்டமாய் ஜெபித்தார்கள். நம் தேசத்துப் பெந்தெகொஸ்தே சரித்திரத்தை எழுதுகிறவர்கள் முக்தியைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

எழுப்புதல் வந்ததும் அம்மையார் புஸ்தகங்களை மூட்டை கட்டிவிட்டார்களா? இல்லை! எபிரெயுவும் கிரேக்கும் கற்று, சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார்கள். வருஷக்கணக்கான உழைப்பு. 1922ல் மரிப்பதற்குச் சற்று முன்புவரை அந்த வேலையே. அதை அச்சடித்தது முக்தியின் சொந்த அச்சகம். வேலை செய்தவர்கள் அங்கிருந்த பெண்களே. ஆவியானவர் இறங்கின இடத்தில் இலக்கணப் புஸ்தகமும் திறந்திருந்தது.

மறுபக்கமும் உண்டு

படிப்புதான் எல்லாம் என்று நான் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, "மார்க் முக்கியம் பாஸ்டர், கர்த்தர் புரிஞ்சுக்குவார்" என்று சொல்லுகிற பெற்றோரும் நம் நடுவில் இருக்கிறார்கள். டிகிரி வாங்கியதும், கை தட்டிப் பாடுகிற தன் தாயைப் பார்த்து வெட்கப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். படித்த மாப்பிள்ளை என்று விலை பேசி வரதட்சணை வாங்குகிற வீடு விசுவாச வீடா? அன்பில்லாத அறிவு மனுஷனைப் பெருமையினால் ஊதிவிடும் என்று பவுல் எச்சரித்தது இதைத்தான் (1 கொரிந்தியர் 8:1). முழங்கால் இல்லாத புஸ்தகம் வீக்கம். அது வளர்ச்சி அல்ல.

இன்னொன்று. காலேஜுக்குப் போகிற பிள்ளை வந்து, "பாஸ்டர், இது எப்படி? அது ஏன்?" என்று கேட்டால், "உனக்குள்ள அவிசுவாச ஆவி" என்று அதட்டாதிருப்போம். பன்னிரண்டு வயதில் நம் ஆண்டவர் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் (லூக்கா 2:46). பதில் தெரியாவிட்டால், "தெரியலப்பா, நானும் தேடிப் பார்க்கிறேன்" என்று சொல்லுவோம். அதில் ஊழியக்காரனுக்கு அவமானம் ஒன்றுமில்லை. நாம் விரட்டினால் அந்தக் கேள்வி போகாது, பிள்ளைதான் போகும்.

சபையாக ஒரு தீர்மானம்

மூப்பர்களோடு ஜெபித்து ஒரு முடிவெடுத்திருக்கிறோம். பரீட்சை முடிகிறவரைக்கும் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வார நாட்களில் எந்தக் கூட்டத்துக்கும் வாசிக்கவோ பாடவோ அழைக்க மாட்டோம். ஞாயிறு ஆராதனையை அவர்களும் விட வேண்டாம். நம் வீடுகள் பலவும் ஒரே அறை உள்ளவை. டிவி ஓடுகிற, தம்பி தங்கை அழுகிற இடத்தில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? ஆகவே கூட்டமில்லாத நாட்களில் சாயங்காலம் ஆறு மணி முதல் ஒன்பது வரை சபை ஹால் திறந்திருக்கும். லைட்டும் ஃபேனும் சபைச் செலவு. படித்த சகோதர சகோதரிகள் முறைபோட்டு வந்து கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுங்கள். தாய்மார் பின்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் ஜெபிக்கட்டும். அன்னாள் அப்படித்தான் ஜெபித்தாள், கர்த்தர் கேட்டார்.

அந்தத் தம்பியின் காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவுக்கு முன்பாகவே சொன்னேன்: "தம்பி, தப்பு என்னுடையது. கர்த்தர் உன்னைக் கைவிடல. என்னை மன்னிச்சிடு." அவன் ஒன்றும் பேசவில்லை. நம் சபை சகோதரர் ஒருவர் தினமும் அவனோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தார். துணைத் தேர்வில் இரண்டு பாடத்திலும் பாஸ் பண்ணினான். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்! இப்போது சபைக்கு வருகிறான். கடைசி வரிசையில் உட்காருகிறான். ட்ரம்ஸ் பக்கம் இன்னும் போகவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் சோம்பேறித்தனத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்ததை மன்னியும். எங்கள் பெருமைக்கு அறிவு என்று பெயர் வைத்ததையும் மன்னியும். எங்கள் பிள்ளைகளுக்குத் தானியேலின் புஸ்தகத்தையும் தானியேலின் முழங்காலையும் தாரும். தவறிப்போன பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்