முதுகைக் காட்டும் பறவை

ஏரிக்கரையில் வீடு என்றதும் பொறாமைப்படுகிறவர்கள் யாரும் பாம்பைப் பற்றிக் கேட்பதில்லை. எங்கள் கொல்லைக்குப் பாம்பைவிட அடிக்கடி வருவது கானாங்கோழி. கருஞ்சாம்பல் முதுகு, முகத்துக்கும் மார்புக்கும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை. நடக்கும்போது வாலை வெட்டி வெட்டி உயர்த்தும், அடியில் செங்காவி தெரியும். மழைக்காலத்தில் விடிய விடியக் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கும். அதை மன்னித்துவிடலாம்.

முதலில் கொல்லைக் கதவுத் தாழ் அசைந்தாலே கோரைக்குள் ஓடிவிடும். பிறகு துவைக்கிற கல் வரை வந்தது. அப்புறம் கிணற்றடி வரை. நான் செய்ததெல்லாம் தினம் ஒரே இடத்தில் உட்கார்ந்து டீ குடித்ததுதான்.

"ஒரு பிடி சோறு வைங்க சார், கைக்கே வந்துடும்" என்றார் பக்கத்து வீட்டம்மா. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்னிடம் பயம் விட்ட பறவை, அவர் வீட்டுப் பூனையிடமும் உண்டிவில் பையன்களிடமும் அதை விட்டுவிட்டால்? இன்னொரு காரணம் சொல்லக் கொஞ்சம் கூச்சம். சோறு போட்டுச் சேர்த்த உறவு என்னைத் தேடி வருகிறதா, பருக்கையைத் தேடியா என்ற சந்தேகம் மனிதர்களிடம் பட்டதே போதும்.

உத்தரப் பிரதேசத்து அமேதி மாவட்டத்தில், 2022-இல் காலில் அடிபட்டுக் கிடந்த சாரசக் கொக்குக்கு ஒருவர் மருந்து போட்டுப் பார்த்துக்கொண்டார். குணமான பின்பும் அது அவரை விடவில்லை. அவர் பைக்கில் போனால் கூடவே பறந்தது. 2023 மார்ச்சில் வனத்துறை அதைக் கொண்டுபோயிற்று. பிறகு கான்பூர் உயிரியல் பூங்காவில் அடைத்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை எழுதியவர்கள், பறவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அந்தச் செய்தியோடு எனக்குக் கைச்சோற்று ஆசை போய்விட்டது.

மனிதர்கள் கண்டுகொள்ளாவிட்டால் நமக்குக் கோபம் வருகிறது. கானாங்கோழி கண்டுகொள்ளாதபோதுதான் எனக்கு மனம் நிறைகிறது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றைக் கிளறுகிறது. பயந்தே பிழைக்கிற ஒரு பிராணி முதுகைக் காட்டுவது லேசா? அலுவலகத்தில் எத்தனை பேர் முன்னால் நான் அப்படித் திரும்பி நின்றிருப்பேன்!

இந்தப் பருவம் கன்னங்கரேலென்ற குஞ்சுகளோடு வந்தது. கிணற்றடிக்கு வரவில்லை, மறுபடி கோரை ஓரந்தான். பிள்ளை பிறந்ததும் சிநேகிதர்களைக் குறைத்துக்கொள்கிறவர்கள் நம்மிலும் உண்டு. நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பார்த்தீங்களா, நன்றி கெட்டது" என்றார் பக்கத்து வீட்டம்மா. அது நன்றி பாராட்டும்படி நான் என்ன செய்துவிட்டேன்?