எழுத்தின் அழகும் சொல்லின் மானமும்

பிறருக்கு உழைப்பதற்கென்றே பிறந்த ஒன்று, தன் அழகைத் தானே காட்டிக்கொள்ளலாமா? அச்செழுத்தை முன்னால் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்.

கதை படிக்கும்போது நாம் எழுத்தைப் பார்ப்பதில்லை. எழுத்தின் வழியாகக் கதையைப் பார்க்கிறோம். கதாநாயகி கண் கலங்கும் இடத்தில், 'அடடா, இந்தக் ககரத்தின் வளைவு எவ்வளவு நேர்த்தி!' என்று யாராவது வியந்தால், கோளாறு கதையில் இருக்க வேண்டும். அல்லது வாசகரிடம் இருக்க வேண்டும். ஆனால், எழுத்தைப் பார்ப்பதற்கென்றே செய்யப்படும் புத்தகங்களும் உலகத்தில் உண்டு. எழுத்து வார்க்கிறவர்கள் தங்கள் சரக்கை அச்சகங்களுக்குக் காட்டுவதற்காகச் செய்த மாதிரிப் புத்தகங்கள் அவை. அங்கே எழுத்துத்தான் கதாநாயகன். சொல் வெறும் எடுபிடி.

இவற்றுள் தலைசிறந்தது இத்தாலியில் பார்மா நகரத்து ஜியாம்பாத்திஸ்தா பொடோனியின் புத்தகம். 1740இல் பிறந்து 1813இல் மறைந்தவர் அவர். ஒரு கோடு தடிப்பாகவும் அடுத்த கோடு மயிரிழையாகவும் நிற்கும் அவருடைய எழுத்துக்கு இன்றும் மதிப்பு உண்டு. தம் வாழ்நாள் உழைப்பையெல்லாம் தொகுத்துக்கொண்டிருந்தவர், அது வெளிவருமுன் கண்ணை மூடிவிட்டார். அவருடைய மனைவி மார்கெரிதா அம்மாள்தான் 1818இல் அதை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதில் கதை இல்லை, காவியம் இல்லை. ஆனாலும் கணவரின் கைத்திறனை உலகம் பார்க்கட்டும் என்று அந்த அம்மாள் பட்ட சிரமத்தை நினைத்தால், அதை வெறும் சரக்குப் பட்டியல் என்று தள்ள மனம் வரவில்லை.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் எழுத்துக்கு அழகு தரும் குணங்கள் நான்கு என்கிறார் பொடோனி: ஒழுங்கு, சுத்தம், நல்ல ரசனை, நளினம். அருமையான குணங்கள்தாம். ஆனால், அந்த எழுத்து எதைச் சொல்லப் போகிறது என்பதற்கு இந்த நான்கில் இடமில்லை.

பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தால், தம் இத்தாலியப் பிரயாண நூலில் பொடோனியைச் சந்தித்ததாக ஒரு செய்தி எழுதியிருக்கிறார். நாவலாசிரியர் சொல்வது, கொஞ்சம் உப்புப் புளி சேர்ந்திருக்கலாம். தாம் அச்சிட்ட பிரெஞ்சு ஆசிரியர்களின் நூல்களைக் காட்டி, 'எது அழகு?' என்று கேட்டாராம் பொடோனி. எல்லாம் ஒன்றுபோல் அழகாகவே இருக்கின்றன என்றாராம் விருந்தாளி. பொடோனிக்குப் பொறுக்கவில்லை. கவிஞர் புவாலோவின் பெயர் அச்சான தலைப்புப் பக்கத்தைச் சுட்டி, அந்த அமைப்பைக் கண்டுபிடிக்கத் தமக்கு ஆறு மாதம் பிடித்தது என்றாராம்! படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு சந்தேகமும் வந்தது. கவிஞரின் பெயருக்கு ஆறு மாதம் கொடுத்தவர், கவிதைக்கு எத்தனை நாள் கொடுத்திருப்பார்?

லண்டனில் வில்லியம் கேஸ்லன் 1734இல் வெளியிட்ட மாதிரித் தாளைப் பாருங்கள். ரோமாபுரிச் சபையில் கேட்டிலைன் என்ற சதிகாரனை எதிர்த்து, கி.மு. 63இல் சிசெரோ முழங்கிய பேச்சின் தொடக்கம் அதில் இருக்கிறது. பின்வந்த எழுத்து வார்ப்பாளர் பலரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். தன் உயிருக்கும் நாட்டுக்கும் ஆபத்து வந்த வேளையில் ஒரு மனிதன் கொதித்துக் கேட்ட கேள்வி அது. கடைக்கு வந்தவர்களோ, முதல் எழுத்தின் வால் எவ்வளவு ஒயிலாக நீள்கிறது என்று பார்த்துவிட்டு விலை கேட்டார்கள்.

'இதனால் என்ன குடி முழுகிவிட்டது? சிசெரோ எழுந்து வந்து சண்டை போடப் போகிறாரா?' என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் சிசெரோவுக்கு இல்லை, நமக்குத்தான். கோபத்தை அலங்காரமாகப் பார்க்கப் பழகிய கண், நாளைக்கு அழுகிற முகத்தையும் நல்ல சித்திரமாகத்தான் பார்க்கும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்படியானால் எழுத்து தன்னைக் காட்டவே கூடாதா? பியாட்ரிஸ் வார்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1930இல் லண்டனில் ஒரு சொற்பொழிவு செய்தார். நல்ல அச்சு, பொற்கிண்ணம் போல் தன்னைக் காட்டக்கூடாது. பளிங்குக் கிண்ணம் போல் உள்ளிருக்கும் மதுவைக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் வேலை பார்த்ததோ எழுத்து அச்சு யந்திரங்கள் விற்கும் மானோடைப் கம்பெனியில்! எரிக் கில் வரைந்த பெர்பெச்சுவா என்ற எழுத்தை விளம்பரம் செய்யும் வேலை 1932இல் அவரிடம் வந்தது. ஏதாவது பழைய வாசகத்தைப் போட்டு நிரப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அச்சகம் என்பது எத்தகைய புனிதமான இடம், வதந்திக்கு எதிராக உண்மை எப்படி அங்கே ஆயுதம் தரிக்கிறது என்று சில வரிகளைத் தாமே எழுதினார். எழுத்தைக் காட்ட வந்த அந்தத் தாளை, சொல்லுக்காகவே எத்தனையோ அச்சகங்கள் சுவரில் மாட்டி வைத்தன.

ஆகவே எனக்குத் தோன்றுவது இதுதான். எழுத்து தன் அழகைக் காட்டட்டும். அதில் பாவம் இல்லை. ஆனால், அந்த அழகை எடுத்துவிட்டாலும் தன் காலில் நிற்கக்கூடிய சொல்லாகப் பார்த்து அதற்குக் கொடுக்க வேண்டும். மார்கெரிதா அம்மாளின் புத்தகமாவது 'நான் எழுத்து மாதிரி' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தது, யாரையும் ஏமாற்றவில்லை. தங்கள் நடையின் ஒயிலைக் காட்டுவதற்காகவே ஒரு ஏழையின் துயரத்தைக் கதையாக்கிவிட்டு, அதற்குச் சமூக நாவல் என்று பெயரும் வைத்துவிடுகிற எங்கள் ஜாதியை என்ன சொல்வது?