வாசலில் யார் பெயர்?

மேனாம்பேட்டில் எங்கள் எதிர் வீட்டுக்காரர் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர். பேங்க், இன்ஷூரன்ஸ் கணக்குகளை இன்றைக்கும் சுமக்கிற ராட்சச மெஷின் அது. 1964-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360-ன் பரம்பரை.

''எங்க மெஷின்ல ஒரு வேடிக்கை இருக்கு சார்'' என்றார் ஒருநாள்.

எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்ல 'கேட்டலாக்' என்றொரு பதிவேடு உண்டாம். ஃபைலுக்கு அதில் புனைபெயரும் வைக்கலாம். சாதாரணப் புனைபெயர் என்றால் ஒரே ஃபைலைத்தான் காட்டும். 'சிம்பாலிக் அலியாஸ்' வேறு ரகம். நிஜப் பெயரின் நடுவில் ஒரு குறியீட்டை விட்டுவைப்பார்கள். யாராவது கூப்பிடும்போதுதான், அந்த மெஷினில் அந்தக் குறியீட்டுக்கு என்ன மதிப்போ அதைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். இரண்டு மெஷின்கள் ஒரே கேட்டலாக்கைப் பார்த்தாலும், அதே பெயர் இங்கே பழைய ஃபைலையும் அங்கே புதிய ஃபைலையும் காட்டலாம். கூப்பிடுகிற புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

''நாம 'மாமா'ன்னு கூப்பிடுற மாதிரியா?''

''கரெக்ட் சார்! வார்த்தை ஒண்ணுதான். வீட்டுக்கு வீடு ஆள் வேற.''

சிரித்துவிட்டு வந்தேன். ராத்திரிதான் உறுத்தியது.

எங்கள் வாசலில் இன்னமும் அப்பா பெயர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்துக் கட்டிய வீடு. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. வாசலில் நின்று 'வீட்டுக்காரரே' என்று யாராவது கூப்பிட்டால் இப்போது நான்தான் எட்டிப் பார்க்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: ''பொண்ணு காலேஜ் ஃபீஸைப் பார்த்துக்கறேன்னு பெரியவரு சொல்லியிருந்தாருங்க.''

''அப்பா என்கிட்ட ஒண்ணும் சொல்லலையேம்மா'' என்றேன். பொய்யில்லை. ஆனாலும் தப்பித்துக்கொண்டேன் என்பது எனக்கே தெரியும்.

ஒருத்தர் கொடுத்த வாக்கு இன்னொருத்தரை எப்படிக் கட்டும்? நியாயமான கேள்விதான். அப்பாவின் கோபதாபங்களை நான் சுமக்க வேண்டியதில்லை. ஆனால், அவர் பெயரால் வந்த வீட்டையும் தெருவில் கிடைக்கிற மரியாதையையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேனே! பி.காமில் கம்பெனி சட்டம் படித்தோம். டைரக்டர்கள் மாறினாலும் கம்பெனி தொடரும். சொத்து மட்டுமல்ல, கடனும் தொடரும். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன்தான் நான். வரவுக்கு அப்பா பெயர், செலவுக்கு மட்டும் வேறு ஆள் என்றால் அது என்ன கணக்கு?

மெஷினிடம் ஒரு நேர்மை இருக்கிறது. 'லிஸ்ட்கேட்' என்று கட்டளை கொடுத்தால் போதும். குறியீட்டையும், அதற்குப் பின்னால் இப்போது நிற்கிற ஃபைலையும் சேர்த்தே காட்டிவிடும். அந்த ஃபைல் பழையதற்கு ஈடாக இல்லாவிட்டால், நம்பிக் கூப்பிட்ட புரோகிராம் படுத்துவிடும். அது கூப்பிட்டதன் குற்றமா?

மறுநாள் காலையில் கேட்டேன். ''ஃபீஸ் எவ்வளவும்மா?''

வாசல் பலகையை மாற்றிவிடலாமா என்று மனைவி கேட்டாள். அந்தப் பெண் படிப்பை முடிக்கட்டும், அப்புறம் மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன்.