காத்திருத்தலும் மாயையும்

மனம், மொழி, மெய் மூன்றும் ஒருநெறியில் நிற்றலே உத்தம ஆர்ஜவம். அங்ஙனமாயின், கையிலுள்ளதை மறைத்துத் தருணம் பார்த்திருக்கும் ஆட்டங்கள் யாவும் மாயை என்னும் கஷாயத்தின்பாற்படுமோ?

அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் சீட்டாட்டத்தைக் காண்போம். (சீட்டையே பணயம் வைக்கும் விதியும் தொடக்கத்தில் அதிலிருந்தது, சூதின் சாயலுடைய அவ்விதி பின்னர்க் கைவிடப்பட்டது நன்றே.) எதிராளி ஒரு சீட்டை இறக்கும் அக்கணமே அதனைப் பயனற்றதாக்கும் 'கவுன்டர்ஸ்பெல்' என்னும் சீட்டு இதிலுண்டு. அதனை ஆட இரண்டு நீல ஆற்றல் வேண்டும்; அவ்வாற்றலைத் தருவன 'தீவு' என்னும் நிலச்சீட்டுகள். ஆகவே தேர்ந்தவர், தம் முறையில் அனைத்தையும் செலவிடாது, இரண்டு தீவுகளை நிறுத்திக் காத்திருப்பார். சிறியவற்றைப் போகவிட்டுப் பெரியது வருங்கால் தடுப்பார். கையில் அச்சீட்டு இல்லாதபோதும் தீவுகளை நிறுத்தி எதிராளியைத் தயங்கச் செய்வதுமுண்டு.

இதனை மாயை என்று நான் கொள்ளேன். மறைத்தல் இருவரும் அறிந்து ஒப்பிய விதி. ஆனால் பொய்யாகப் பெருமூச்செறிந்து முகத்தால் நடிப்பது எனக்கு உடன்பாடன்று.

காலத்தையே கருவியாக்குதல் இன்னும் வேறு. போட்டிச் சுற்றுக்கு நேர வரம்புண்டு. சிந்தனையில் ஆழ்ந்து தாமதிப்பவருக்கு முதலில் எச்சரிக்கையே. வரம்பைச் சாதகமாக்க வேண்டுமென்றே தாமதிப்பவரோ போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். கழிந்த நிமிடங்கள் இரண்டிலும் ஒன்றே; வேறுபடுவது உள்ளத்தின் பரிணாமம். அதனை நடுவர் ஊகித்தே அறிதல் வேண்டும். தாமதித்தவருக்கோ ஊகம் தேவையில்லை.